உன் துப்பறிவாளர் பிடித்த தப்பான ஆள்

செல்வின் ராசாவுக்கு,

உன் புத்தக விழாவின் அழைப்பிதழ் நேற்றுக் காலைத் தபாலில் வந்தது. மஞ்சள் அட்டை, சிவப்பு எழுத்து. இரண்டாம் பதிப்பு வெளியீடு, நம்ம தூத்துக்குடியிலேயே. தலைமை, ஓய்வுபெற்ற பெரிய கிளார்க் திரு. பொன்னையா அவர்கள். அதற்குக் கீழே, 'வாசகர் கருத்து: நூலாசிரியரின் தாயார்'. என்னை ஒரு வார்த்தை கேட்காமலே பெயரை அச்சடித்துவிட்டாய். போன தடவை லீவில் வந்தபோது சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "தமிழ் டீச்சர்லா நீங்க, பெத்த பிள்ளைன்னு பாக்காம ஒரு வாசகியா நேர்மையாச் சொல்லுங்கம்மா" என்று கேட்டாய். சரி, சொல்லுகிறேன். மேடையில் சொல்லப்போவதை உனக்கு முன்கூட்டியே எழுதிவிடுவதுதான் முறை. கவரை நான் ஒட்டவில்லை. பின்பக்கம் என் பெயரையும் விலாசத்தையும் முழுசாக எழுதியிருக்கிறேன். தபால்காரர் படித்தாலும் சரி, உன்னோடு அறையில் தங்கியிருக்கும் பிள்ளைகள் படித்தாலும் சரி. உன் தொடர்கதையைப் போட்ட வாரப் பத்திரிகைக்கும் ஒரு நகல் அனுப்பியிருக்கிறேன். அவர்கள் போட்டால் போடட்டும்.

பரீட்சைத் தாள் திருத்துகிறவள் நான். முதலில் மார்க் போட வேண்டிய இடத்துக்குப் போட்டுவிடுகிறேன். உனக்கு நடை வருகிறது. ஆரம்பித்தால் கீழே வைக்க முடியவில்லை. ஒரு மொட்டைக் கடிதம் வருகிறது, அதைப் படித்த நல்ல மனுஷர் ஒருவர் அவமானம் தாங்காமல் நெஞ்சடைத்துச் சாகிறார், கத்தியும் விஷமும் இல்லாமல் வெறும் எழுத்தால் ஒரு கொலை. இந்த யோசனை புதுசாக இருக்கிறது. செத்துப்போகும் அந்த நல்ல மனுஷர் யார் என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். பெயரை மாற்றிவிட்டாய், ஆனால் வெள்ளைக் கால்சட்டையையும் பொடி டப்பாவையும் மாற்றவில்லை. உன் கதையில் பொன்னையா சார் செத்துப்போகும் அந்த ஒரு அத்தியாயத்தை மட்டும் நான் மூன்று தரம் படித்தேன் என்று ஒத்துக்கொள்கிறேன். நிஜத்தில் அவர் அப்படியெல்லாம் சாகவில்லையே என்ற குறை எனக்கு உண்டு.

இனிமேல் குறைகள். உன் துப்பறிவாளர் ஒரு மனநல டாக்டர். தூத்துக்குடி வெயிலில் கோட்டுப் போட்டுக்கொண்டு அலைகிறார். அது போகட்டும். குற்றம் செய்தவனுக்குத் தூக்கம் வராது, கை நடுங்கும், சாப்பாடு இறங்காது, திரும்பத் திரும்பக் கையைக் கழுவுவான் என்று நாலு பக்கத்துக்குப் பிரசங்கம் பண்ணுகிறார். யார் சொன்னது? பழிவாங்கியவர் யாரையாவது நீ பார்த்துப் பேசியிருக்கிறாயா? இந்த ஊரில் ஒரு மொட்டைக் கடிதம் எழுதப்பட்டதே, அதைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்த ஆள் அன்றைக்கு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்து, இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டது. பல மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் பாயில் படுத்த உடனே தூக்கம் வந்தது. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். அந்தக் கடிதத்தை எழுதியது நான்.

எழுந்து போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வா. பிறகு மேலே படி.

நீ கொலைகாரனாகக் காட்டியிருப்பது சவரிமுத்துத் தண்டலை. அவரை இந்த ஊர் மறந்துபோயிருந்தது, நீதான் ஞாபகப்படுத்தினாய். மெட்ராஸ்காரர்களுக்குத் தண்டல் என்றால் வட்டி வசூல் என்று தோன்றும். இங்கே தோணியை நடத்துகிற தலைவர்தான் தண்டல். மணப்பாட்டுக்காரர், நம்மைப் போல வேதக்காரர்தான், ஆனால் கத்தோலிக்கர், இடது காது மடல் கயிறு அறுத்துப் பிளந்திருக்கும். உன் கதையிலும் தண்டலுக்குக் காது பிளந்திருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத மனுஷர் அவர். அதுவே உன் கதைக்குப் பெரிய திருப்பமாகிவிட்டது. தெரியாத மாதிரி நடித்தானாம், ரகசியமாக எழுத்துப் படித்தானாம், படித்தவர்கள் மேல் அவனுக்கு ஆழ்மனத்தில் ஒரு வெறுப்பாம். கடிதத்தில் 'ர' போட வேண்டிய இடத்தில் 'ற' போட்டிருப்பதை வைத்து அவனுடைய பால்ய காலம் வரைக்கும் உன் டாக்டர் கண்டுபிடித்துவிடுகிறார். ராசா, அந்த 'ற' எல்லாம் நான் விரல் விட்டு எண்ணிப் போட்டது. இருபது வருஷம் பிள்ளைகளுக்குப் பிழை திருத்திய கை. தப்பாக எழுது என்றால் சண்டித்தனம் பண்ணியது. இடது கையால், பென்சிலால், மூன்று காகிதத்தைக் கிழித்துப்போட்டு நாலாவதில் எழுதி முடித்தேன்.

ஏன் எழுதினேன் என்பதை உனக்குச் சொல்லியிருக்க வேண்டியது எட்டு வருஷத்துக்கு முன்னால். புதுத் துறைமுகத்துக்குக் கல் கொட்டிக்கொண்டிருந்த காலம் அது. பெரிய கப்பல் கரைக்கு வராது. வெளிக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், தோணிகள் போய்ச் சரக்கை ஏற்றி இறக்கும். உன் அப்பா டாலி கிளார்க். தோணியிலேயே போய், கப்பல் மேல் ஏறி நின்று மூட்டையைச் சரிபார்க்க வேண்டும். கார்த்திகை மாசம், வாடைக்காற்று ஆளைத் தள்ளுகிறது, துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியாகிவிட்டது. எல்லாத் தோணியும் கரையில் கிடக்கிறது. கப்பல் கம்பெனியின் பெரிய கிளார்க் பொன்னையா சார் மட்டும், கப்பல் நாளைக்குப் போய்விடும் என்று சொல்லி, உன் அப்பாவைப் பார்த்து, "என்ன வே, காத்துக்குப் பயந்தா வீட்ல போயி ஆட்டுக்கல்லு சுத்தும். ஒரு நட போயிட்டு வாரும்" என்றாராம். நாலு பேர் முன்னால் சொன்னது. உன் அப்பாவுக்கு ரோஷம். போனார். கப்பலின் கயிற்றேணியில் கால் வைக்கும்போது தோணி எழும்பிவிட்டது. தோணிக்கும் கப்பலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

நல்லடக்கத்துக்கு நாசரேத்திலிருந்தும் சாத்தான்குளத்திலிருந்தும் சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். கல்லறைத் தோட்டத்து வாசலில் வைத்துப் பொன்னையா சார் என் அண்ணனிடம் தாழ்ந்த குரலில், ஆனால் பக்கத்தில் நிற்கிற பத்துப் பேருக்குக் கேட்கிற மாதிரி, "நல்ல மனுசன்தான். என்ன செய்ய, அன்னைக்கு வாய்ல கொஞ்சம் நெடி இருந்துச்சு. நான் போவாதயும்னுதான் சொன்னேன்" என்றார். காப்பி கூடக் குடிக்காத மனுஷர் உன் அப்பா. மருந்தில் சாராய வாசம் இருக்கிறதென்று இருமல் மருந்தைக் கீழே ஊற்றியவர். குடி என்ற சொல்லையே வீட்டுக்குள் விடாத குடும்பம் நம்முடையது. அந்த ஒரு பேச்சு சாயந்திரத்துக்குள் ஊரைச் சுற்றிவிட்டது. துக்கம் கேட்க வந்த பெண்கள் அழுகையை நிறுத்தி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள் பார், அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். உன் அப்பாவை அவர் இரண்டு தரம் கொன்றார். முதல் தரம் தெரியாமல் நடந்ததென்று வைத்துக்கொண்டாலும், இரண்டாம் தரம் தெரிந்தே செய்தார்.

உன் நாவலில் ஏழாம் அத்தியாயத்தில் செத்துப்போன டாலி கிளார்க்கைப் பற்றி, 'அவர் வாயில் அன்று சாராய நெடி' என்று ஒரு வரி வருகிறது. பெற்ற தகப்பனைப் பற்றி. அந்த வரியைப் படித்தபோது உன்னைக் கூப்பிட்டு அறைய வேண்டும் போல இருந்தது. அறையத்தான் நான் கெட்டிக்காரியாயிற்றே. ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாக, "அப்பா குடிப்பாவளாம்மா?" என்று கேட்டாய். யாரோ பையன் சொல்லியிருக்கிறான். நான் பளாரென்று அறைந்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டேன். இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அந்தக் கேள்வியை உன் வாயிலிருந்து கேட்டதே எனக்குத் தாங்கவில்லை. அடி வாங்கிய பிள்ளை என்ன நினைக்கும்? உண்மையாக இருப்பதால்தான் அம்மா அடிக்கிறாள் என்று நினைக்கும். நீயும் அப்படியே நினைத்து, அதை வளர்த்து, புத்தகத்திலும் அச்சடித்துவிட்டாய். அந்த வரியில் பாதிப் பழி என்னுடையது. மீதிப் பாதிக்கு உன்னை நான் லேசில் விடமாட்டேன்.

ஆக, நான் எழுதிய மொட்டைக் கடிதத்தில் என்ன இருந்ததென்று உனக்குத் தெரியும், வரி பிசகாமல் பதிமூன்றாம் பக்கத்தில் போட்டிருக்கிறாய். பொன்னையா சாரைச் சபைக் கமிட்டிக்குத் தலைவராகப் போட இருந்தார்கள். அந்த வாரம் நம்ம குருவானவருக்குக் கடிதம் போனது. உங்கள் சபைப் பெரியவர் தினம் சாயந்திரம் எங்கள் கடற்கரைக்கு வந்து குடிக்கிறார், நிலைதடுமாறி மணலில் கிடக்கிறார், எங்கள் ஆட்கள்தான் தூக்கிவிடுகிறோம் என்று, கடற்கரையில் உள்ள ஒரு கத்தோலிக்க ஆள் எழுதிய மாதிரி. சுத்தப் பொய். அவர் பொடியைத் தவிர வேறொன்றும் தொடமாட்டார் என்று எனக்குத் தெரியும். எந்தப் பொய்யை அவர் என் வீட்டு வாசலில் போட்டாரோ, அதே பொய்யை எடுத்து அவர் வீட்டு வாசலில் போட்டேன். அளவு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கமிட்டியில் அவரைப் போடவில்லை. கோவிலில் அவர் உட்காரும் பெஞ்சில் பக்கத்து இடம் காலியாகவே கிடந்தது. ஆறு மாதத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு கொச்சிக்குப் போய்விட்டார். அவர் குனிந்த தலையோடு கோவிலைவிட்டு இறங்குவதைப் பார்க்கிறதுக்கென்றே நான் ஆராதனை முடிந்தும் வாசலில் நின்றிருக்கிறேன். இதற்காக நான் வெட்கப்படவில்லை. வெட்கப்படுவேன் என்று எதிர்பார்த்து மேலே படிக்காதே.

நான் வெட்கப்படுவது வேறொன்றுக்கு. கடிதம் கடற்கரைச் சொல்லில் இருந்தது. சேசு என்றும் சர்வேசுரன் என்றும் பூசை என்றும் பார்த்துப் பார்த்துப் போட்டிருந்தேன். புராட்டஸ்டண்ட் சபையாரான நாமானால் இயேசு என்போம், கர்த்தர் என்போம், ஆராதனை என்போம். அப்போது பொன்னையா சாரோடு வெளிப்படையாகச் சண்டை போட்டிருந்த கத்தோலிக்கர் ஒரே ஆள்தான். உன் அப்பா போன தோணியின் தண்டல். சாவு நடந்த மறுநாளே ஆபீஸ் வாசலில் நின்று, "ஒம்மாலதான வே ஒரு உசுரு போச்சு" என்று கத்தியவர். இவன் யாரையோ வைத்து எழுதியிருக்கிறான் என்று பொன்னையா சார் கணக்குப் போட்டார். கம்பெனித் தோணி எதிலும் அவர் கால் வைக்கக் கூடாது என்று ஆக்கிவிட்டார். கம்பெனி சேர்க்காத ஆளை மற்றவர்களும் சேர்க்கவில்லை. கடிதம் எழுதும்போது இது எனக்குத் தோன்றவே இல்லை. அத்தனை 'ற' போட யோசித்தவளுக்கு இந்த ஒன்று தோன்றவில்லை.

அவர் ஒருநாள் மத்தியானம் நம் வீட்டுக்கு வந்தார். குருவானவர் கொடுத்த கடிதத்தைப் பொன்னையா சார் அவர் மூஞ்சியில் எறிந்திருக்கிறார். அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, வாசலிலேயே நின்றார். "டீச்சரம்மா, இதுல என்னதான் எழுதிருக்குன்னு வாசிச்சுக் காட்டுங்க. நான் எழுதுனதாம்லா. என்ன எழுதுனேன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?" என்றார். என் கடிதத்தை நானே அவருக்கு வாசித்துக் காட்டினேன். குரல் நடுங்கவில்லை, அதையும் உன் டாக்டருக்குச் சொல். கடைசி வரி வந்தது. 'பரிசுத்த ஆவியானவர் எல்லாத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்' என்று வாசித்துவிட்டு நிறுத்தினேன். அவர் ஒரு மாதிரித் தலையைச் சாய்த்தார். "என்னது? இன்னொருக்கச் சொல்லுங்க" என்றார். மறுபடி வாசித்தேன். "பரிசுத்த ஆவியானவரா? எங்க ஆளுவ இஸ்பிரீத்துசாந்துன்னுல்லா சொல்லுவாவ. இந்தச் சொல்லு உங்க கோயில்லல்லா வரும்" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே என்ன சொன்னோம் என்று புரிந்தது. என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார். "சரிம்மா, நான் வாரேன்" என்று கடிதத்தை என் கையிலேயே விட்டுவிட்டுப் படி இறங்கிவிட்டார். அதற்குப் பிறகு அவர் தூத்துக்குடியில் இருக்கவில்லை.

துப்பறிவாளர் என்றால் அவர்தான் துப்பறிவாளர். எழுத்துத் தெரியாத ஒரு மனுஷர், காதால் கேட்டே ஒரே வரியில் ஆளைப் பிடித்துவிட்டார். நீ அந்தக் காகிதத்தை அச்சுக் கோத்துப் பதிமூன்றாம் பக்கத்தில் போட்டும், உன் டாக்டர் அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் பிடிபடவில்லை. ஏன் தெரியுமா? அந்தச் சொல் உன் காதில் உறுத்தவில்லை. சின்ன வயசிலிருந்து நம் வீட்டு ஜெபத்தில் தினம் கேட்ட சொல். கடிதம் முழுக்க மற்றவர்கள் வீட்டுச் சொல்லையெல்லாம் அடிக்கோடு போட்டுச் சந்தேகப்பட்ட நீ, நம் வீட்டுச் சொல்லைத் தாண்டிப் போய்விட்டாய். எனக்கும் அதேதான் நடந்தது. சேசுவையும் சர்வேசுரனையும் ஞாபகமாக மாற்றிய கை, களைத்துப்போய்க் கடைசியில் பழக்கத்துக்கு எழுதிவிட்டது. கதை எழுதுகிறவனுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே புத்தி இதுதான். முதலில் உன் வீட்டைச் சந்தேகப்படு.

இதில் உன்னை ஏமாற்றியதும் நான்தான். காலேஜ் லீவில் அலமாரியைக் குடைந்து அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்து, "இது யாரும்மா எழுதுனது?" என்று கேட்டாய். கிழித்துப் போட்டிருக்கலாம், போடாமல் ஏன் வைத்திருந்தேன் என்று கேட்காதே. ஜெயித்தவர்கள் கோப்பையை வைத்துக்கொள்கிறார்களே, அப்படித்தான். "சவரிமுத்துத் தண்டல்னு ஊருல பேச்சு" என்று சொல்லிவிட்டு முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தேன். முதல் தரம் அவர் மேல் பழி விழுந்தது எனக்குத் தெரியாமல். இரண்டாம் தரம் தெரிந்தே போட்டேன். எட்டு வருஷமாக நான் பொன்னையா சாரை எதற்காகச் சபித்துக்கொண்டிருந்தேனோ, அதையே நானும் செய்திருக்கிறேன் என்று உன் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை மூடும்போதுதான் உறைத்தது. உன் நாவலால் எனக்குக் கிடைத்த ஒரே பிரயோஜனம் அது.

போன சனிக்கிழமை திருச்செந்தூர் வழியாகப் பஸ் ஏறி மணப்பாட்டுக்குப் போனேன். கண் ஆபரேஷன் ஆகி, ஒரு கண்ணில் பச்சைத் துணி கட்டிக்கொண்டு பூவரச மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். குரலிலேயே என்னைத் தெரிந்துகொண்டார். "வாங்க டீச்சரம்மா. பொஸ்தவத்தப் பத்தித்தான வந்திய? பேத்தி வாசிச்சுக் காட்டுனா. நல்லாத்தான் எழுதிருக்கான் உங்க மவன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும்னு போட்டிருக்கானே, அதக் கேக்கதுக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு" என்று சிரித்தார். அழக் கூடாதென்று நினைத்துப் போனவள், அழுதுவிட்டேன். "அன்னைக்கே தெரிஞ்சும் ஏன் அண்ணாச்சி ஒண்ணும் சொல்லல?" என்று கேட்டேன். "கூண்டு ஏத்துனது எனக்குத் தெரியாதா டீச்சரம்மா? பெரிய கிளார்க்கு போன்னுதான் சொல்லுவாரு, அவரு கரையில இருக்கவரு. முடியாதுன்னு சொல்ல வேண்டியவன் தண்டல். தோணியில அவன் பேச்சுக்கு மேல பேச்சு கெடையாது. நான் சொல்லல. சார் ரோசத்துல ஏறிட்டாரு, எனக்கும் ரோசம், பாய விரிச்சிட்டேன். நீங்க அந்தாளுக்கு அடிச்சிய. அதுல எனக்குள்ளதும் இருக்குன்னு வாங்கிக்கிட்டேன்" என்றார்.

மன்னிப்புக் கேட்கப் போனவளுக்கு அந்தப் பேச்சைக் கேட்டதும் என்ன தோன்றியிருக்க வேண்டும்? உன் டாக்டராக இருந்தால் மனப்பாரம் இறங்கியது என்று எழுதுவார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இந்த மனுஷன் ஒரு வார்த்தை மாட்டேன் என்று சொல்லியிருந்தால் உன் அப்பா இன்றைக்கு உன் விழாவுக்கு வேட்டி தேய்த்துக்கொண்டிருப்பார். சரியான இடத்தில்தான் அடி விழுந்திருக்கிறது, இன்னும் இரண்டு விழுந்தாலும் தகும் என்று அந்த நிமிஷம் நினைத்தேன். மனசில் நினைத்ததை மறைக்காமல் எழுதுகிறேன். எழுந்து பஸ்ஸுக்குப் போகப் பையைக்கூட எடுத்துவிட்டேன். அப்போதுதான் அவர், "எனக்கு வந்தது எனக்குச் சரி. ஆனா எம் பேத்தி வாசிச்சிட்டு, 'தாத்தா, நீங்களா எழுதுனிய?'ன்னு கேக்கா. இல்ல தாயின்னு சொன்னேன். அவ நம்புனாளோ என்னமோ. ஊருப் பேச்சுன்னா நாலு வருசத்துல அடங்கும். பொஸ்தவம் நான் செத்தாலும் கெடக்கும்லா. அத மட்டும் மாத்தச் சொல்லுங்க" என்றார். பையைக் கீழே வைத்தேன்.

அங்கேயே உட்கார்ந்து, கூண்டு ஏற்றிய அன்றைக்கு யார் போகச் சொன்னது, யார் மறுக்காமல் போனது, உன் அப்பா வாயில் நெடி இருந்ததா இல்லையா என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். வலது கையால், மையில், பிழை இல்லாமல். அவர் கீழே கைநாட்டு வைத்தார். பேத்தி அவர் கட்டைவிரலைப் பிடித்து மையில் தோய்த்ததைப் பார்த்திருந்தால், ரகசியமாக எழுத்துப் படித்தவன் என்ற உன் திருப்பத்தை நீயே கிழித்துப் போட்டிருப்பாய். நீ அந்தக் கடைசி அத்தியாயத்தை மாற்றி எழுத வேண்டும். இரண்டாம் பதிப்பு அச்சாகிவிட்டது என்று சொல்லாதே. ஆகியிருந்தால் இந்தக் கடிதத்தை முதல் பக்கத்தில் ஒட்டு. என் பெயரைப் போட்டு ஒட்டு. உனக்கு யார் மேலாவது ஆத்திரம் வந்தால் பழிவாங்காதே என்று நான் சொல்லமாட்டேன், எனக்கு அந்த யோக்கியதை இல்லை. கையெழுத்துப் போட்டுப் பழிவாங்கு. பெயரை மறைத்தால் நீ எறிந்த கல் யார் தலையில் விழுகிறதென்று உன்னால் போய்ப் பார்க்க முடியாது.

பொன்னையா சார் கொச்சியிலிருந்து திரும்பி வந்து, உன் தொடர்கதை வந்த நாளிலிருந்து தெருத்தெருவாகப் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு, "அவம் மவனே எழுதிட்டாம் பாருங்க, நான் நிரபராதின்னு" என்று காட்டிக்கொண்டிருக்கிறார். உனக்கும் பாராட்டுக் கடிதம் எழுதினாராம், நீயும் உருகித் தலைமைக்கு அழைத்துவிட்டாய். அழைப்பை மாற்றாதே. அவர் வரட்டும். நல்ல வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு வரட்டும். அவர் குடிகாரர் இல்லை என்று அந்த மேடையில் நானே சொல்லப்போகிறேன், அந்தப் பொய் என்னுடையது என்று சபைப் பெண்கள் எல்லோர் முன்னாலும் சொல்லப்போகிறேன். நான் போட்ட பொய்யை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கைநாட்டு வைத்த காகிதத்தை வைப்பேன். பொய்யிலிருந்து அவர் கொச்சிக்குப் போய்த் தப்பித்துக்கொண்டார். இதிலிருந்து எந்த ஊருக்கு மாற்றல் வாங்குவார் என்று பார்க்கிறேன். அதற்குப் பிறகு ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல என்னை விடமாட்டார்கள். கோவிலில் என் பக்கத்து இடமும் காலியாகக் கிடக்கும். கிடக்கட்டும்.

சவரிமுத்து அண்ணாச்சி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். பேத்தி வருகிறாள், பஸ் ஸ்டாண்டில் போய் நீயே அழைத்துக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்காரவை. என் முறை வந்ததும் மைக்கில், 'அடுத்து நூலாசிரியரின் தாயார்' என்று சொல்வார்கள். அப்படிச் சொல்லவிடாதே. நீ எழுந்து போய், உன் வாயால், பதிமூன்றாம் பக்கத்தில் இருக்கும் கடிதத்தை எழுதியவர் இப்போது பேசுவார் என்று சொல்லி என்னைக் கூப்பிடு.

அம்மா